தட்டிக்கொண்டே இருப்பவன்

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து போன் வாய் மூடவில்லை. மாடியில் ஊருக்கு இன்டர்நெட் லைன் கொடுக்கும் தம்பியின் ஆபீஸ், கீழே நானும் என் வீட்டுக்காரரும். தம்பி மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவனுக்கும் அவன் மகளுக்கும் சாப்பாடு என் அடுப்பில்தான். அதோடு புகார் போனும் என் தலையில். "அக்கா, யாராவது கத்தினா எனக்குக் கை நடுங்குது. உனக்குப் பேசினா அலுக்காது, நீ எடு" என்றான். பேசுவது எனக்கு அலுக்காது, வாஸ்தவம். கேட்கிறவர்களுக்குத்தான் அலுக்கும் என்பார் என் வீட்டுக்காரர். அவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் ரேடியோ.

இன்று எல்லோரும் ஒரே பாட்டு. அனுப்பிய மெயில் போய்ச் சேரவில்லை. ரிட்டயர்டு வாத்தியார் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் போகவில்லையாம். "நாடே என் கருத்துக்காகக் காத்திருக்கும்மா" என்றார். நாடு ஒரு நாள் காத்திருந்தால் குடிமுழுகிப் போகாது சார் என்றேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

ஆனால் லேப் அம்மா பேசியதுதான் இன்னும் காதிலேயே நிற்கிறது. ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருப்பவள். ஒரு கர்ப்பிணியின் ரிப்போர்ட்டை டாக்டருக்கு மெயிலில் அனுப்பியிருக்கிறாள். அது போகவில்லை. போகவில்லை என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

"மோசமா இருந்தா உடனே அனுப்புங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு அக்கா. ஒண்ணும் வரல, அப்ப நல்லாத்தான் இருக்கும்னு அவர் நினைச்சுட்டாரு. அனுப்பிட்டோமேன்னு நான் இருந்துட்டேன். அந்தப் பொண்ணு நேத்து மயங்கி விழுந்துட்டா."

பிழைத்துக்கொண்டாள். வயிற்றில் இருப்பதும் பத்திரம். கடவுளே, நீ இருக்கிறாய்.

ஜூன் 3, செவ்வாய்

தம்பி விஷயத்தைச் சொன்னான். நம் லைன் வாங்கியிருக்கும் யாருடைய கம்ப்யூட்டரிலோ வைரஸ் புகுந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரருக்கே தெரியாமல் அது ஊர் உலகத்துக்கெல்லாம் குப்பை மெயில் அனுப்புகிறது. பரிசு விழுந்திருக்கிறது, வழுக்கையில் முடி வளரும், இந்த மாதிரி. வெளியே இருக்கும் பெரிய கம்பெனிகள் பார்த்தார்கள். இந்த வாசலிலிருந்து வரும் எதையும் வாங்காதே என்று நம் பெயரையே கறுப்புப் பட்டியலில் எழுதிவிட்டார்கள். திருடன் ஒருவன், தெருவுக்கே தண்டனை.

"அதனால வெளிய போற வழியைச் சாத்தப் போறேன்" என்றான்.

எனக்குப் பகீரென்றது. அப்புறம் யாரும் மெயிலே அனுப்ப முடியாதா?

"அப்படி இல்லக்கா. என் தபால்பெட்டில போடுறவங்க போடலாம், நான் பார்த்து அனுப்பி வைப்பேன். பெட்டில போடாம, தானே நேரா அடுத்தவன் வாசல் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுக்குது பாரு, அதை மட்டும்தான் தடுக்கிறேன். வைரஸ்தான் அப்படிப் பண்ணும். யோக்கியன் எவனும் பண்றதில்ல."

பாப்பா சோற்றைப் பிசைந்தபடியே அப்பனை முறைத்தாள். பாப்பா என்றால் தம்பி மகள். படித்து முடித்து அவனோடுதான் வேலை பார்க்கிறாள், இன்னும் பாப்பாதான். "யோக்கியனும் பண்ணுவான்பா. சில மெஷின் தானாவே அனுப்பும். நீங்க மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துறீங்க."

"வீட்டை எங்க கொளுத்துறேன்? கதவைச் சாத்துறேன்."

"சரி, சாத்துங்க. தட்டுறவங்களுக்கு 'வழி இல்ல'ன்னு ஒரு பதிலாவது சொல்லுங்களேன். நீங்க பேசாம முழுங்கிடப் போறீங்க. அனுப்பினவனுக்குப் போகலைன்னே தெரியாது."

"வைரஸுக்கு எதுக்கு மரியாதை? பதில் சொன்னா இன்னும் நாலு வழி தேடும்."

என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாதும்பாங்க. உங்கப்பன் மூடிடுவான் போல இருக்கே. மச்சான், அப்படியே இந்த ரேடியோவுக்கும் ஒரு கதவு போட முடியுமா பாரு." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சாத்துவதற்கு முன்னால் நான் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்க வேண்டும்: தானாக மெயில் அனுப்பும் மெஷின் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

ஜூன் 4, புதன்

தொண்டை கட்டிவிட்டது. எத்தனை பேர்! அதில் பாதிப் பேருக்கு முட்டிவலி, எனக்கும் முட்டிவலி, பேச்சு எங்கெங்கோ போய்விடுகிறது. தானாக அனுப்பும் மெஷின் யாரிடமும் இல்லை. ரிட்டயர்டு வாத்தியார், "நான் என்ன மெஷினாம்மா?" என்று சண்டைக்கு வந்தார்.

கோடவுன் தெருவிலிருக்கும் கோல்டு ஸ்டோரேஜுக்குப் போன் போடவில்லை. எதற்குப் போட வேண்டும்? என் வீட்டுக்காரர் அங்கேதானே மெஷின் ரூமில் ஆபரேட்டர். உருளைக்கிழங்கும் ஆப்பிளும் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கும் இடம். சாப்பிடும்போது அவரிடமே கேட்டுவிட்டேன்.

"எங்க மெஷினா? தண்ணியை ஐஸாக்கும், உருளைக்கிழங்கைத் தூங்க வைக்கும். லெட்டர் எழுதுற அளவுக்கு அது எங்க படிச்சிருக்கு?" என்றார்.

இல்லை என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

சாத்தியாயிற்று. தம்பி ஒரு பொத்தானைத் தட்டினான், அவ்வளவுதான். ஒரு சத்தம்கூட இல்லை.

ஜூன் 6, வெள்ளி

போன் அடிக்கவே இல்லை. எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன், லைன் இருக்கிறது. மத்தியானம் லேப் அம்மா மட்டும் பேசினாள். அவள் மெயில் எல்லாம் தம்பியின் பெட்டி வழியாக ஒழுங்காகப் போகிறதாம். "உங்க தம்பி நல்லா இருக்கணும்" என்றாள். கறுப்புப் பட்டியலிலிருந்தும் நம் பெயரை எடுக்கிறார்களாம். தம்பியின் முகத்தில் ரொம்ப நாள் கழித்து ரத்தம் ஓடுகிறது.

இவ்வளவு அமைதி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். சத்தம் இல்லையென்றால் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

ஜூன் 7, சனி

காபி கொடுக்க மாடிக்குப் போனேன். தம்பி ஸ்கிரீனைக் காட்டினான். கதவில் முட்டித் திரும்புபவை எல்லாம் சிவப்பு வரியாக அதில் ஓடுமாம். முதல் நாள் சிவப்பாகக் கொட்டியதாம். வைரஸ் இருந்த வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சுத்தம் பண்ணச் சொன்னதும் ஒவ்வொன்றாக அடங்கிவிட்டதாம். இப்போது ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

"பாரு அக்கா. விட மாட்டேங்குது. கொஞ்சம் நிக்கும், திரும்பவும் தட்டும். பேய் மாதிரி."

பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சிவப்பு வரி வந்தது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. மறுபடி ஒரு சிவப்பு வரி. யாரோ இருட்டில் நின்று நம் வாசலைத் தட்டுவது போலவே இருந்தது.

எங்கிருந்து என்று கேட்டேன். கோடவுன் தெருவிலிருந்தாம். அந்தத் தெருவில் ஏழெட்டுக் கடைகளுக்குச் சேர்த்து ஒரே லைன், எந்தக் கடை என்று இங்கிருந்து தெரியாதாம். "தெரியணுமா என்ன? போட்டோக் கடைக்காரன்தான். போன தடவையும் அவன்தானே." அந்த ஆள் கண்ட கண்ட சினிமாவையும் ஓசியில் இறக்குகிறவர். இருக்கும்.

சாயங்காலம் சாமி முன்னால் நிற்கும்போது சேர்த்து வேண்டிக்கொண்டேன்: என் தம்பி வாசலைத் தட்டிக்கொண்டே இருக்கிறதே ஒன்று, அதன் வாயைக் கட்டிப் போடு சாமி.

ஜூன் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். அவருடைய சட்டையில் ஒரு வாடை. கண் எரிகிற வாடை, கட்டிக் கிடந்த மூத்திரம் மாதிரி. சோப்புப் போட்டு இரண்டு தரம் அலசினேன்.

ஜூன் 10, செவ்வாய்

போட்டோக் கடைக்காரர் மாடியேறி வந்து ஒரே சண்டை. தம்பி அவரைக் கூப்பிட்டு எச்சரித்திருக்கிறான், சுத்தம் பண்ணவில்லையென்றால் லைனை வெட்டிவிடுவேன் என்று.

"சுத்தம் பண்ணியாச்சுய்யா! முழுசா அழிச்சு புதுசா ஏத்தியாச்சு. என் கல்யாண ஆல்பம் எல்லாம் போச்சு!"

"அப்ப யாருங்க தட்டுறது?"

"எவன் தட்டுறான்னு எனக்கென்ன தெரியும்? உன் கதவு, நீதான் திறந்து பாக்கணும்."

நான் நடுவில் புகுந்து டீ கொடுத்து உட்கார வைத்தேன். "அக்கா, நீங்களே சொல்லுங்க, நான் பொய் சொல்ற ஆளா?" என்றார். என்ன சொல்ல? பொய் சொல்கிற ஆள்தான். ஆனால் அப்போது அவர் கண்ணில் பொய் இல்லை. மனசுக்கு என்னமோ போல் இருந்தது.

ஜூன் 11, புதன்

அவருக்கு இருமல். வறட்டு இருமல், நெஞ்சைப் பிளக்கிற மாதிரி. கண்ணும் சிவந்திருக்கிறது. சட்டையில் மறுபடியும் அதே வாடை. என்னங்க இது என்று கேட்டால், "அங்க எப்பவும் அந்த வாடைதான். அமோனியான்னு ஒரு காஸ், குழாய்க்குள்ள ஓடும், அதுதான் குளிர வைக்கிறது. இத்தனை வருஷம் குடிச்ச மூக்கு, எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார்.

"எனக்குத் தெரியுதே!"

"உனக்குத் தெரியாதது எது?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

நான் விடவில்லை. கிண்டிக் கிண்டிக் கேட்டதில் சொன்னார். மெஷின் ரூம் சுவரில் ஒரு பெட்டி இருக்கிறதாம், காஸ் கசிந்தால் கண்டுபிடிக்கிற பெட்டி. அதில் சிவப்பு லைட் எரிகிறதாம். எத்தனை நாளாய் என்றால் நாலைந்து நாளாய் என்கிறார்!

"பயப்படாதே. சின்னக் கசிவா இருக்கும். பெருசா இருந்தா வெளியூர் மெக்கானிக் ஓடி வந்திருப்பான். அவனுக்கு அது தானா சொல்லிடும். எப்ப லைட் எரிஞ்சாலும் மறுநாளே வந்து நிப்பான்."

"பெட்டி கத்தாதா?"

"முன்ன ஒரு சங்கு வெச்சிருந்தாங்க. தொட்டதுக்கெல்லாம் கத்தும். தூசி பட்டா கத்தும், கதவைத் திறந்தா கத்தும். மேனேஜர் வயரைப் பிடுங்கச் சொல்லிட்டாரு. உனக்குத்தான் அந்த மாதிரி வயரே இல்ல."

நாளைக்கு லீவு போடுங்கள் என்றேன். ஆப்பிள் லோடு வருகிறது, முடியாது என்கிறார். மேனேஜரிடம் சொல்லுங்கள் என்றேன். சொன்னாராம். மெக்கானிக் வரட்டும் என்கிறாராம் அவரும்.

எல்லோரும் மெக்கானிக் வரட்டும் என்கிறார்கள். மெக்கானிக் ஏன் வரவில்லை?

ஜூன் 12, வியாழன்

தட்டல் நிற்கவில்லை என்கிறான் தம்பி. என் வேண்டுதல் போய்ச் சேரவில்லை போல.

ஜூன் 14, சனி

மனசு சரியில்லை. கடைக்குப் போனவள் கோடவுன் தெரு வழியாகத் திரும்பி வந்தேன், அவரை வெளியிலிருந்தாவது ஒரு பார்வை பார்க்கலாமென்று. கேட்டுக்குப் பக்கத்தில் போனதுமே மூக்கில் ஏறியது. வாட்ச்மேன் துண்டால் முகத்தைக் கட்டியிருந்தார். "லோடு இறங்குதும்மா, சாயங்காலம் வந்துடுவாரு" என்றார்.

திரும்பும்போது பார்த்தால் போட்டோக் கடை பூட்டிக் கிடக்கிறது. பக்கத்துத் தையல்காரர் சொன்னார், குடும்பத்தோடு ஊருக்குப் போய் இரண்டு நாளாகிறதாம். போகும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு, "இப்ப என் மேல பழி போடச் சொல்லுங்க பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

வந்து தம்பியிடம் சொன்னேன். அவன் ஸ்கிரீனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இல்லையேக்கா. இப்பவும் தட்டிக்கிட்டுதானே இருக்கு. முன்னைவிட வேகமா."

கரண்டே இல்லாத கடையிலிருந்து எது தட்டும்? கீழே வந்து இதை எழுதுகிறேன். பாப்பா மாடியிலிருந்து அத்தை அத்தை என்று கூப்பிடுகிறாள். என்னமோ கத்துகிறாள். போய்

ஜூன் 16, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தா. உயிர் இருக்கு. அதை முதல்ல எழுதிட்டேன்.

உள்ளே விட மாட்டேங்கிறாங்க. தொண்டைல குழாய் போட்டிருக்காங்க. கண்ணில் கட்டு. சாமி, சாமி, சாமி.

ஜூன் 17, செவ்வாய்

தூக்கம் இல்லை. எழுதினால் மண்டைக்குள் ஓடுவது நிற்குமா என்று பார்க்கிறேன்.

அன்றைக்குப் பாப்பா என்னைக் கூப்பிட்டது இதற்குத்தான். சிவப்பு வரிகளை நோண்டிப் பார்த்திருக்கிறாள். "அப்பா, குப்பை அனுப்புறது ஊர்ல இருக்கிற எல்லா வாசலுக்கும் போகப் பாக்கும். இது அப்படி இல்ல. எல்லாத் தடவையும் ஒரே ஒரு வாசலுக்குத்தான் போகப் பாக்குது."

நான் சொன்னேன், "அப்ப அது யாரையோ கூப்பிடுதுடி."

என் வாயிலிருந்து வந்த வார்த்தையை நானே கேட்டேன். கேட்டதும் அவர் சொன்னது காதில் விழுந்தது. தானா சொல்லிடும். அது தானா சொல்லிடும். எதால் சொல்லும்? அதற்கு வாயா இருக்கிறது, மெயில்தானே?

தம்பி முகம் வெளுத்துவிட்டது. பொத்தானைத் தட்டிக் கதவைத் திறந்தான். அந்த நிமிஷமே எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் மெக்கானிக் இருப்பது வெளியூரில். நான் கோல்டு ஸ்டோரேஜுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. நான் எத்தனை பேருடைய போனை எடுத்திருக்கிறேன்! என் போனை எடுக்க ஆளில்லை.

ஓடினேன். முட்டிவலி எங்கே போனதோ. தெருமுனையில் திரும்பும்போதே ஆட்கள் எதிரே ஓடி வருகிறார்கள், முகத்தைப் பொத்திக்கொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டு. வெள்ளையாய்ப் புகை கேட்டுக்கு மேலே எழும்பி நின்றது. நல்ல பட்டப்பகல், வெயில் அடிக்கிறது, அந்த ஒரு இடத்தில் மட்டும் பனி மூட்டம்.

எல்லோரும் வெளியே வந்தார்கள். அவர் வரல.

குழாய் வெடித்ததும் மற்றவர்கள் உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் இருந்திருக்கிறார்கள். இவர் வாசல் பக்கம். ஒரே எட்டில் வெளியே வந்திருக்கலாம். வாசலில் நின்று கத்தியிருக்கிறார் மனுஷன். ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி. குளிர் ரூம் கதவு திறந்திருந்தும் வழி தெரியாத புகையில் அவர் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் வெளியே வந்தார்களாம். "அண்ணன் சத்தம் மட்டும் இல்லேன்னா நாங்க இல்லக்கா" என்று லோடு இறக்கும் ஆள் என் காலைப் பிடித்து அழுகிறான். கத்தக் கத்த அந்தக் காஸ் உள்ளே போயிருக்கிறது, அங்கேயே விழுந்துவிட்டார். வாயைத் திறந்துகொண்டே இருந்தார் இல்லையா.

ஜூன் 20, வெள்ளி

மெக்கானிக் ஆஸ்பத்திரிக்கு வந்தான். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. எதிரில் உட்காரவே இல்லை.

"எனக்கு ஒண்ணுமே வரலம்மா. அந்தப் பெட்டி பிரச்சினைன்னாதான் மெயில் அனுப்பும். வரலேன்னா எல்லாம் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? சனிக்கிழமை திடீர்னு எல்லாம் சேர்ந்து வந்தது. இந்த மாசம் ஆறாந்தேதிலேர்ந்து அது கத்தியிருக்கு."

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் அதன் நாக்கைக் கட்டிவிட்டு, அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம்.

ஜூன் 23, திங்கள்

குழாயை எடுத்துவிட்டார்கள். கண் பார்வை தெரிகிறது. என்னை அடையாளம் தெரிந்தது. மூச்சு தானாக விடுகிறார்.

குரல் வராது என்கிறார் டாக்டர். இப்போதைக்கா, எப்போதைக்குமா என்று கேட்டேன். இப்போதைக்கு என்று சொல்லலாம் என்றார். அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது.

அதன் வாயைக் கட்டிப் போடு சாமி என்று நான்தானே வேண்டினேன்? ஜூன் ஏழாம் தேதி, என் கையெழுத்திலேயே இருக்கிறது. போய்ச் சேரவில்லை என்று வேறு குறைப்பட்டேன். போய்ச் சேர்ந்துவிட்டதா? யாரிடம் கேட்பேன் இதை?

இன்று சாமி கும்பிடவில்லை.

ஜூன் 28, சனி

தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்து அவர் கட்டில் காலடியிலேயே உட்கார்ந்து கிடக்கிறான். அவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை. வராந்தாவுக்குக் கூட்டி வந்து நாலு கேள்வி கேட்டேன். மனசில் இருந்ததெல்லாம் கொட்டினேன். ஒரு பதில் சொல்லியிருந்தால் என்னடா? தட்டுகிறது யாரென்று ஒரு தரம் தெருவரைக்கும் போய்ப் பார்த்திருந்தால் உன் கால் தேய்ந்திருக்குமா? அப்புறம் நானே அழுதேன். நான் மட்டும் பார்த்தேனா? பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இல்லை என்று சொன்னவள்தானே நான்.

"கதவை அன்னைக்கே திறந்துட்டேன்கா. இனிமே சாத்த மாட்டேன்" என்றான்.

பாப்பா பக்கத்தில் நின்றிருந்தாள். சண்டை போட்ட அதே பெண்தான் இப்போது வேறு மாதிரி பேசுகிறாள். திறந்து வைத்ததில் மறுபடி எவனோ குப்பை கொட்டத் தொடங்கிவிட்டானாம், கறுப்புப் பட்டியலில் நம் பெயர் திரும்பி வந்துவிட்டதாம், லேப் அம்மா ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் அலைகிறாளாம். "அத்தை, திறந்தா மாசமா இருந்த அந்தப் பொண்ணு மாதிரி யாராவது விழுவாங்க. சாத்தினா மாமா மாதிரி. என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க."

நான் என்ன கண்டேன். சாத்து, ஆனால் தட்டுகிறவனுக்குப் பதில் சொல், விடாமல் தட்டினால் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பார் என்றேன். வேறு என்ன தோன்றுகிறது எனக்கு.

ஜூலை 4, வெள்ளி

பாப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், நான் வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். எல்லோருக்கும் மறுபடி போட்டேன். முட்டிவலிக் கதை பேசவில்லை. மெஷின் இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. "உங்க இடத்துல சுவத்துல ஏதாவது பெட்டி மாட்டியிருக்கா? லைட் எரியுற பெட்டி? அது ஏதாவதுன்னா யார்கிட்ட சொல்லும்? எப்படிச் சொல்லும்?" போனை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றேன். நான் லைனிலேயே இருந்தேன்.

ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. லேப் அம்மாவின் ரத்தம் வைக்கிற பிரிட்ஜ். வங்கியின் பெட்டக அறை. ரிட்டயர்டு வாத்தியார்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார், பக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாய் இருக்கும் அம்மாவின் மூச்சுக் கொடுக்கிற பெட்டி சேதி அனுப்புவது அவர் லைன் வழியாகத்தானாம். போன மாசம் ஒருத்தரும் சொல்லவில்லை. பொய் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். அது பேசும் என்றே யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு பெட்டிதான் தட்டியது, எங்களுக்குத் தெரிந்து. மற்றதுக்கெல்லாம் கதவு சாத்தியிருந்த நாட்களில் தட்ட வேண்டிய நேரம் வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒவ்வொன்றுக்கும் தனி வழி விட்டுவிட்டுத்தான் தம்பி மறுபடி சாத்தினான். பாப்பா இன்னொன்றும் செய்திருக்கிறாள். அந்தப் பெட்டிகள் எல்லாம் இனி தினம் காலையில் ஒரு மெயில் அனுப்ப வேண்டுமாம், ஒன்றும் இல்லையென்றாலும். நலம் என்று. அது வரவில்லையென்றால் நான் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

உள் ரூமில் படுத்திருக்கிறார். கட்டில் சட்டத்தில் தட்டுவதற்கு ஒரு ஸ்பூன் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் வேண்டுமென்றால் தட்டுவார், திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் தட்டுவார். காலையில் அடுப்படியில் நின்றிருந்தேன். ரொம்ப நேரமாகச் சத்தமில்லை. தூங்குகிறார், நல்லதுதான் என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள். அந்த நினைப்பு வந்ததும் கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். தூங்கிக்கொண்டுதான் இருந்தார். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி அங்கேயே நின்றேன். முழித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது அவருக்கு.

பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்தே அவர் எதிரில் எனக்குப் பேச்சு வருவதில்லை, அவரால் முடியாததை நான் எப்படி அவர் முன்னால் செய்வது? அவர் கையைத் தூக்கினார். காற்றில் ஒரு குமிழைப் பிடித்து மெதுவாகத் திருகினார். என்னவென்று முதலில் புரியவில்லை. மறுபடி திருகினார், என் வாயைப் பார்த்துக்கொண்டே. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுகிற மாதிரி.

பேசினேன். போட்டோக் கடைக்காரர் திரும்பி வந்ததை, தம்பி அவர் கடைக்கே நடந்து போய் மன்னிப்புக் கேட்டதை, தையல்காரர் எனக்குத் தைத்த ஜாக்கெட் கை இன்னும் ஏறாததை. தொண்டை வறளும்வரை பேசினேன்.

அப்புறம் ஒன்று சொன்னேன். ஏதாவது வேணும்னா மட்டும் தட்டாதீங்க. ஒண்ணும் வேணாம்னாலும் அப்பப்ப ஒரு தட்டுத் தட்டுங்க. எனக்காக.

சாமி முன்னாலும் இன்று போய் நின்றேன். எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

இதை எழுதும்போது உள்ளேயிருந்து ஒரு தட்டு. என்ன வேண்டுமென்று கேட்கவில்லை. பேனாவைத் திருப்பிப் பிடித்து, நானும் மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன்.